சாப்பாட்டு டப்பாவும் கணக்குப் பார்க்காத அன்பும்

கணக்குப் பார்க்காத அன்பைப் பற்றி நம்மிடையே ஓர் உயர்ந்த அபிப்பிராயம் இருந்துவருகிறது. கவிதைகளில் அது தாயாக வருகிறது. கதைகளில் பெரும்பாலும் மனைவியாக. கணக்குப் பார்ப்பவன் லேவாதேவிக்காரன், அல்லது என்னைப் போல ஒரு பாங்க் குமாஸ்தா. இந்த அபிப்பிராயம் சரிதானா என்ற சந்தேகம் ஒரு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது எனக்கு வந்தது. விஷயம் அற்பமாகத் தோன்றினால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். தார்மீகப் பிரச்னைகள் பெரிய தளங்களில்தான் நிகழும் என்பது நம்முடைய இன்னொரு தவறான அபிப்பிராயம்.

வீடு செம்பாக்கத்தில். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஒன்றாகக் கிளம்பி, பஸ்ஸில் சேலையூர் வழியாகத் தாம்பரம் வந்து, மின்சார ரயில் ஏறுவோம். அவள் அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்கி, 1984ல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனிக்குப் போவாள். நான் கடற்கரை வரை. ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கியவை. எங்கள் வீட்டில் சமத்துவம் நிலவுகிறது என்பதற்கு ஸ்தூலமான சாட்சியாக அவற்றை நான் மனசுக்குள் வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. இருவரும் சம்பாதிக்கிறோம், காய்கறி நான் வாங்கி வருகிறேன், ஒரே சமையல், ஒரே டப்பா. வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் டப்பாக்கள் பை மாறிவிட்டன. மதியம் திறந்தால் தயிர் சாதம், நடுவில் ஒரு மாங்காய் ஊறுகாய்த் துண்டு. அவ்வளவுதான். காலையில் வெண்டைக்காய் வதங்கும் வாசனை வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் கேட்டேன்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. கறி ஒரு டப்பாவுக்குத்தான் வந்தது. குழம்ப ராத்திரிக்கு எடுத்து வெச்சுட்டேன்.”

“இன்னிக்கு மட்டுமா?”

“நீங்க கால் கிலோதான வாங்கிட்டு வரீங்க. வதக்கினா என்ன மிஞ்சும்?”

குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அன்று மதியம் என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டது அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்திருக்கிறது. நான் யோசித்துக்கொண்டிருந்தது அந்தக் கால் கிலோவைப் பற்றி. வாங்குகிறவன் பச்சைக் காயைப் பார்க்கிறான். அது வாணலியில் சுருங்குவதைச் சமைக்கிறவள் மட்டும் பார்க்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்.

சில வருஷங்கள் ஓசாகாவில் வேலை பார்த்துவிட்டு வந்த என் மைத்துனனிடம் இதைச் சொன்னேன். “அது ஹினொமாரு பெந்தோ” என்றான். பெந்தோ என்பது ஜப்பானியரின் கட்டுச்சோறு. சோறு, மீன், முட்டை, காய் என்று சிறு பெட்டிக்குள் அடுக்கி வைப்பது. அதில் மிக எளியது வெறும் வெள்ளைச் சோறும் நடுவில் உப்பில் ஊறிய ஒரு சிவந்த காயும். பார்க்க அவர்கள் தேசக்கொடி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சீனாவுடன் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1939 செப்டம்பரிலிருந்து மாதத்தின் முதல் நாளைச் சிக்கன நாளாக அனுசரிக்கச் செய்தது ஜப்பானிய அரசு. அன்று தேசபக்தர்களின் மதிய உணவு இந்த ஹினொமாரு பெந்தோ. பற்றாக்குறைக்குத் தியாகம் என்று பெயர் வைக்க ஓர் அரசுக்குப் போரும் கொடியும் வேண்டியிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. அரசு மாதத்தில் ஒரு நாள் கேட்டதை வீடு கேட்காமலே அடிக்கடி பெற்றுக்கொள்கிறது.

மைத்துனன் ஊரிலிருந்து எங்களுக்கு ஒரு ஜோடி பெந்தோ டப்பா வாங்கி வந்திருந்தான். ஒன்று பெரிது, மற்றது சிறிது. அங்கே தம்பதிகளுக்கென்று ஜோடியாக விற்கும் சோற்றுக் கிண்ணங்களும் இப்படித்தானாம். கணவனுக்குப் பெரியது, மனைவிக்குச் சிறியது. முதலில் பார்த்தபோது பிற்போக்கான சமூகம் என்று உள்ளூரச் சிரித்தேன். இப்போது அந்தக் கிண்ணங்களில் ஒரு நேர்மை இருப்பதாகப் படுகிறது. அசமத்துவம் அங்கே அளவிலேயே தெரிகிறது. எங்கள் எவர்சில்வர் டப்பாக்கள் வெளியே சமமாக இருந்து உள்ளே பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

மனைவி கட்டித்தரும் சாப்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் தனிச்சொல்லே உண்டு: ‘ஐசாய் பெந்தோ’, அன்பு மனைவியின் கட்டுச்சோறு. ஆன் அலிசன் என்ற மானுடவியலாளர் 1991ல் எழுதிய ஒரு கட்டுரையில், மழலையர் பள்ளிக்குத் தாய் கட்டித்தரும் பெந்தோவை அல்தூஸரின் கருத்துருவ அரசு எந்திரங்களோடு சேர்த்துப் படித்தார். டப்பாவின் அழகைக் கொண்டு தாயின் தகுதி அளக்கப்படுகிறது. குழந்தையோடு சேர்ந்து தாயும் பள்ளிக்கூடத்தில் பயிற்றுவிக்கப்படுகிறாள். நம் வட்டத்துக்கு அல்தூஸர் புதியவர் அல்ல. அம்பையும் புதியவர் அல்ல. 1988ல் தொகுப்பாக வந்த ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் பாராட்டி எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கட்டுரையை எழுதிய வாரத்திலும் கால் கிலோதான் வாங்கியிருப்பேன்.

இதையெல்லாம் கேட்ட கவிஞ நண்பர் ஒருவர் எரிச்சலோடு, “பேரேட்டை வீட்டுக்குள் கொண்டுவராதே. கணக்கு நுழைந்த இடத்தில் அன்பு இருக்காது” என்றார். இது பலமான வாதம். ஆனால் என் தொழில் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. வாங்கியவன் வந்து, ‘நமக்குள் கணக்கு என்ன?’ என்று சொன்னால் அதற்குப் பெயர் பெருந்தன்மை அல்ல. கணக்குப் பார்க்காத அன்பை இதுவரை யார் புகழ்ந்து வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் பாக்கி வைத்திருக்கிறவர்கள்தான்.

பாக்கி எவ்வளவு என்பதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. 2019ல் இந்தியா முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கணக்கை ஒரு நீதிமன்றம் பார்க்க முடிகிறது. அதனால் அங்கே அன்பு செத்துவிடும் என்று யாரும் பயப்பட்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் முறை வைத்துப் பார்த்தோம். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். காலண்டரில் குறித்தோம். மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டது. என் முறையன்றும் முந்தின இரவு புளி ஊறவைத்தது அவள். உளுத்தம்பருப்பு தீரப் போகிறது என்று ஞாபகம் வைத்திருந்தது அவள். இவற்றை எந்தப் பத்தியில் எழுதுவது? ஓசுவின் 1952 வருஷத்துப் படமொன்றில், பிணக்குற்றிருந்த கணவனும் மனைவியும் நள்ளிரவில் சமையலறைக்குப் போய், எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடி, சோற்றில் தேநீரை ஊற்றிச் சாப்பிட்டுச் சமாதானமாகிறார்கள். அந்தக் காட்சியின் எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் எல்லாம் இருக்கும் இடம் தெரிந்த வேலைக்காரப் பெண் அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் தேடுவதற்கு அழகு இருக்கிறதென்றால், தேடாமலே எடுக்கக்கூடியவள் ஒருத்தி இருப்பதால்தான்.

என் முறையன்று ஒரு நாள் உருளைக்கிழங்கு போதவில்லை. அவளுக்கு நிறைய வைத்துவிட்டு எனக்குத் தயிர் சாதம் கட்டிக்கொண்டேன். அன்று முழுவதும் இது அவளுக்கு எப்படியாவது தெரிய வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி நானே சொல்லியும் விட்டேன். அவளோ ஆறு வருஷம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமலே என்னைக் கடனாளியாக்கினாள், அதுவும் ஒரு அநியாயம்தானே என்று வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதம் நிற்கவில்லை. கால் கிலோ எடை போடச் சொன்னவன் நான். வீட்டில் இரண்டு பேர். தெரிந்துகொள்ள வகுத்தல் கணக்கு போதும்.

ஆகவே நண்பரின் வாதத்தைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. ஆனால் நேராகாது என்பது கணக்கைப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். போடாதவன் நேராக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பான், நான் நினைத்த மாதிரி. கணக்கை மறப்பது உயர்ந்ததாகவே இருக்கட்டும். மறப்பதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அரைக் கிலோ வாங்குகிறேன். காலையில் இரண்டு டப்பாக்களையும் மூடுவதற்கு முன் ஒருமுறை உள்ளே பார்க்கிறேன். “என்ன, ஆடிட்டா?” என்று அவள் கேட்கிறாள். ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.