தோழமையும் ஓர் அருள்நெறியே: பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளின் நட்பும் மதிப்பும்

சிவமயம்



எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருளினால் மலரும் இவ்வாண்டு மலரிலே, எமது ஊரின் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளைக் குறித்துச் சில எண்ணங்களைப் பகிர்ந்து கொள்ள விழைகின்றோம்.

ஆலயத்திற்கு வரும் தாய்மார் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துப் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்போது, மனதிலே பெரும்பாலும் பரீட்சை ஒன்றே நிற்கும். புலமைப்பரிசில், பின்னர் சாதாரண தரம், அதன் பின்னர் உயர்தரம். இந்த வேண்டுதலில் குறையொன்றும் இல்லை. ஆனால் “என் பிள்ளைக்கு நல்ல சிநேகிதர் கிடைக்க வேண்டும், என் பிள்ளையால் இன்னொரு வீட்டுப் பிள்ளை அழக்கூடாது” என்று வேண்டுவோர் எத்தனை பேர்? பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரு பிள்ளையின் மனதை ஆக்குவதும் அழிப்பதும் பெரும்பாலும் அவரது வகுப்பறைத் தோழமைதான். ஆகவே அந்த வேண்டுதலும் நம் வாயில் வர வேண்டும்.

இறைவனே தோழன்

இறைவனை அடைவதற்கு நமது சைவ சமயம் நான்கு நெறிகளை வகுத்துள்ளது. அடிமை நெறியாகிய தாச மார்க்கத்திற்கு அப்பரும், மகன்மை நெறியாகிய சற்புத்திர மார்க்கத்திற்குச் சம்பந்தரும், தோழமை நெறியாகிய சக மார்க்கத்திற்குச் சுந்தரரும், ஞானநெறியாகிய சன்மார்க்கத்திற்கு மாணிக்கவாசகரும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றார்கள். நட்பையே முத்திக்கு ஒரு வழியாக ஏற்றுக்கொண்ட சமயம் நமது சமயம். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தோழனுக்காகத் திருவாரூர் வீதியிலே பரவையார் இல்லத்துக்கு நள்ளிரவில் தூது நடந்தவர் சிவபெருமான். ஆண்டவனே நண்பனாக நின்று காட்டிய ஓர் உறவைப் “பிள்ளைகளின் விளையாட்டு” என்று பெரியவர்கள் தள்ளிவிடலாகாது.

விறகு பொறுக்கிய இருவர்

புராண இதிகாசங்களிலே பள்ளித் தோழர் கதைகள் இரண்டு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நலம்.

முதலாவது கண்ணனும் குசேலரும். இருவரும் அவந்தி நகரிலே சாந்தீபனி முனிவரிடம் ஒன்றாகப் பயின்றவர்கள். ஒருவர் செல்வக் குடியினர், மற்றவர் வறிய அந்தணச் சிறுவர். ஒருநாள் குருபத்தினி விறகு கொண்டுவரச் சொன்னார். காட்டிலே பெருமழையும் காற்றும் பிடித்துக் கொண்டன. இருள் சூழ்ந்து வழி தெரியாமற் போனது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி இரவு முழுவதும் அலைந்தார்கள். விடியற்காலையிலே குருவே தேடி வந்து அவர்களைக் கண்டு ஆசி கூறினார்.

ஆண்டுகள் பல கடந்தன. கந்தைத் துணியில் அவல் முடிந்து கொண்டு குசேலர் துவாரகைக்கு வந்தார். கண்ணபிரான் ஓடிவந்து தழுவித் தன் கட்டிலில் இருத்தி, அவர் பாதங்களைக் கழுவினார். உருக்குமணிப் பிராட்டியார் விசிறி வீசினார். “இவர் யார்?” என்று அரண்மனைப் பெண்கள் வியந்தார்கள். அப்போது கண்ணன் பேச்செடுத்தது அந்த மழை இரவைப் பற்றித்தான். தோழர் தம் வறுமையை வாய் திறந்து சொல்லவில்லை. கண்ணனும் கேட்டு அவரைக் கூசவைக்கவில்லை. கேளாமலே கொடுத்தார். உதவியிலும் பெரிது, உதவி பெறுபவரின் மானத்தைக் காத்தல் என்பதை இக்கதை உணர்த்துகின்றது.

மாவு கரைத்த நீர்

இரண்டாவது கதை துரோணரும் துருபதனும். இவர்களும் ஒரே ஆச்சிரமத்திலே ஒன்றாக விளையாடிப் படித்தவர்கள். “நான் அரசனானால் என் செல்வம் உனக்கும் உரியது” என்று இளமையிலே துருபதன் வாக்களித்தான்.

துரோணர் இல்லறம் புகுந்தார். வறுமை வாட்டியது. அவர் மகன் அசுவத்தாமன், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைக் கண்டு தனக்கும் பால் வேண்டும் என்று அழுதான். மற்றப் பிள்ளைகள் மாவை நீரிற் கரைத்து அவனிடம் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை அதைப் பாலென்றே நம்பிக் குடித்து, “நானும் பால் குடித்தேன்” என்று ஆடி மகிழ்ந்தது. சுற்றி நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அதைக் கண்ட தகப்பனின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

பழைய நண்பனை நம்பித் துரோணர் பாஞ்சால நாட்டுக்குப் போனார். அரியணையில் இருந்த துருபதனோ, “சமமானவர்களுக்குள்ளேதான் நட்பு உண்டு. உனக்கும் எனக்கும் என்ன நட்பு?” என்று சபையிலே இகழ்ந்தான். அந்தச் சொல் அங்கேயே முடிந்துவிடவில்லை. துரோணர் தம் மாணவர்களைக் கொண்டு துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து, அவன் நாட்டிற் பாதியைப் பறித்தார். துருபதன் பழிவாங்க வேள்வி செய்து திருட்டத்துய்மனைப் பெற்றான். குருக்ஷேத்திரத்தின் பதினைந்தாம் நாளிலே அவன் துரோணரைக் கொன்றான். போரின் கடைசி இரவிலே அசுவத்தாமன் பாசறை புகுந்து, திருட்டத்துய்மனையும் உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொன்றழித்தான். அன்று மாவு நீரைக் குடித்து ஆடிய குழந்தையும் இவன்தான்.

பாரதப் போருக்குக் காரணங்கள் பல. எனினும் அதில் ஓடிய குருதியில் ஒரு பங்குக்கு விதை, பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்த ஒரு சிரிப்பும் ஒரு நண்பன் சபையிலே சொன்ன ஒரு சொல்லும் ஆகும். அசுவத்தாமன் செய்தது மன்னிக்க முடியாத பாவம். அதில் ஐயமில்லை. ஆயினும் சிரித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள், சிரிக்கப்பட்டவர் மறப்பதில்லை என்பதை வியாசர் நமக்குக் காட்டிவிட்டார்.

இன்றைய வகுப்பறை

மாவு கரைத்த நீர் இன்றும் வேறு வடிவங்களிலே கொடுக்கப்படுகின்றது. நிறத்தையும் பருமனையும் வைத்துப் பட்டப்பெயர். திக்கிப் பேசும் பிள்ளையைப் போலப் பேசிக் காட்டுதல். தேய்ந்த சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தல். போரிலே தகப்பனை இழந்த குடும்பத்துப் பிள்ளையிடம், தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையிடம், அதையே குத்திக் காட்டுதல். “நீ எந்தப் பகுதி? யாருடைய ஆக்கள்?” என்று கேட்டுவிட்டு, பிறகு தண்ணீர்ப் போத்தலைத் தனியே வைத்தல். இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை. நம் வீட்டுத் திண்ணைகளிலே பெரியவர்கள் பேசியதைக் கேட்டே கற்றார்கள்.

முன்னைய காலத்திலே பட்டப்பெயர் பாடசாலை வாசலோடு நின்றுவிடும். 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியாக வந்தன. அதன் பின் கைத்தொலைபேசி பல பிள்ளைகளின் கைகளில் நிலைத்துவிட்டது. கேலியும் அதனுள்ளே புகுந்து வீட்டுக்கே வருகின்றது. இரவு பத்து மணிக்கும் தலையணைக்கு அருகிலே வருகின்றது. ஒரு மாணவியின் படத்தை மாற்றிக் குழுவிலே போட்டுவிட்டு “பகிடிக்குச் செய்தது” என்பவர்கள் இருக்கிறார்கள். இருவரும் சிரித்தால்தான் அது பகிடி. ஒருவர் அழுதால் அது துன்புறுத்தல். அதை அனுப்பியவர் மட்டுமல்ல, பார்த்து மற்றவருக்கு அனுப்பியவரும் பாவத்திற் பங்காளியே.

வீழிமிழலைக் காசு

பிள்ளைகளை வருத்தும் மற்றொன்று ஒப்பீடு. “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது ஏ, உனக்கு என்ன?” என்ற கேள்வி, தோழர்களைப் போட்டியாளர்களாக மாற்றிவிடுகின்றது.

திருவீழிமிழலையிலே கடும் பஞ்சம் வந்த காலத்தில், சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவபெருமான் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். இருவரும் அதைக்கொண்டு தத்தம் மடத்திலே அடியார்க்கு அமுது படைத்தார்கள். அப்பர் மடத்திலே உரிய நேரத்திற்கு உணவு ஆயிற்று. சம்பந்தர் மடத்திலே தாமதமாயிற்று. காரணம், சம்பந்தருக்குக் கிடைத்த காசு வாசி உடையது. வணிகர் அதற்கு வட்டம் கேட்டார்கள். அப்பருடைய காசுக்கு அந்தக் குறை இல்லை.

இங்கே பொறாமை எழுந்திருக்கலாம். எழவில்லை. அப்பர் கையால் உழவாரத் தொண்டு செய்கிறார், அதற்குரிய சிறப்பு அது என்று சம்பந்தர் உவந்து ஏற்றார். பின்னர் தமக்கு வேண்டியதை இறைவனிடமே பாடிக் கேட்டார், வாசி நீங்கிற்று. அப்பரும் தம் காசின் பெருமையைப் பேசித் திரியவில்லை. வயதிலே மூத்த அவர், சிறுவரான சம்பந்தரின் சிவிகையைத் திருப்பூந்துருத்தியிலே தோள் கொடுத்துச் சுமந்தார். “அப்பர் எங்கே?” என்று கேட்டு அவர் கீழே நிற்பதை அறிந்ததும், சம்பந்தர் பதறி இறங்கி வணங்கினார். பெரியவர் சிறியவரை மதித்தால் சிறியவர் பெரியவரை மதிப்பார். வகுப்பறைக்கும் இது பொருந்தும். மாணவரை அடித்தும் இழித்தும் ஒழுக்கம் கற்பிக்க முடியாது. உடல் ரீதியான தண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சும் 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியிட்டது.

திலகவதியாரின் வாசல்

பெற்றாருக்கு ஒரு வார்த்தை. தம்பி மருள்நீக்கியார் தம் வழியை விட்டுப் போனபோது திலகவதியார் வருந்தினார், இறைவனிடம் முறையிட்டார். ஆனால் சூலை நோய் தாங்காமல் தம்பி இருளோடு இருளாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, “நான் அப்பவே சொன்னனான் தானே” என்று அவர் சொல்லவில்லை. திருநீறு அளித்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தக் கதவு திறந்திருந்தபடியால்தான் நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்.

நம் வீட்டுக் கதவு அவ்வாறு திறந்திருக்கின்றதா? பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாலோ, காலையிலே வயிற்றுவலி என்று அடிக்கடி பாடசாலைக்குப் போக மறுத்தாலோ, நித்திரையின்றித் தவித்தாலோ, பழகிய நண்பரை விட்டு விலகினாலோ, திடீரெனப் புள்ளிகள் குறைந்தாலோ, கோபிக்க முன்னர் அருகில் இருந்து கேளுங்கள். அறிவுரை பின்னர் சொல்லலாம். “சாக வேண்டும் போல இருக்கிறது” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதைப் பற்றி நேரே கேட்பதால் அந்த எண்ணம் வளராது, சுமைதான் குறையும். பிள்ளையைத் தனியே விடாது உதவி நாடுங்கள். வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், வைத்தியசாலையின் உளநலப் பிரிவு ஆகியோரிடம் செல்வது வெட்கமல்ல. தேசிய மனநல நிறுவனத்தின் 1926, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஆகிய இலக்கங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தும் பேசலாம். காய்ச்சலுக்கு நேர்த்தி வைத்துவிட்டு மருந்தும் எடுக்கின்றோம் அல்லவா? மனநோவுக்கும் அதுவே முறை.

பிள்ளைகளே, உங்களுக்கு

உங்கள் வகுப்பிலே இடைவேளையில் தனியே இருந்து சாப்பிடும் பிள்ளை யார் என்று பாருங்கள். அருகே போய் இருங்கள். அதுவே பெரிய சிவத்தொண்டு. ஒருவரை எல்லோரும் சேர்ந்து சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காமல் இருங்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவரும் நிறுத்துவார். உங்களுக்குத் துன்பம் நேர்ந்தால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது. நண்பன் கெட்ட வழிக்கு அழைத்தால், “மாட்டேன்” என்று சொல்வதும் நட்புக்குள் அடங்கும். திருவள்ளுவர் நட்புக்கு அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் நட்பாராய்தலுக்கும் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்தார் என்பதை மறவாதீர்கள். ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளை மதித்துப் பழகுவதும், அவர்கள் வேண்டாம் என்றால் விலகி நிற்பதும் வீரமே.

நமது ஆலயமும் இதற்குத் துணை நிற்க வேண்டும். தேர்த் திருவிழாவிலே வடத்தைப் பிடிக்கும் கைகளில் முதற் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்ற வேறுபாடு கிடையாது. அன்னதானப் பந்தியிலே எல்லோருக்கும் ஒரே சோறு. அறநெறி வகுப்பிலே தேவாரம் பண்ணோடு பாடும் பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசைப் போல, பாடத் தயங்கிய தோழரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துவந்த பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம். பரீட்சையிலே சித்தியடைந்தோரை மாலையிட்டுக் கௌரவிக்கும் நாளிலே, சித்தியடையாத பிள்ளைகளையும் அழைத்து முன் வரிசையில் இருத்தலாம். அவர்களும் அம்பாளின் பிள்ளைகளே.

வருகின்ற விஜயதசமியிலே ஏடு தொடக்கும் சின்னஞ்சிறு கைகள் நாளை இதே வகுப்பறைகளுக்குத்தான் போகப் போகின்றன. அங்கே அவர்களுக்காக மாவு கரைத்த நீர் காத்திருக்கலாகாது. மழையிருளிலே பற்றிக்கொள்ள ஒரு தோழரின் கை காத்திருக்க வேண்டும். அத்தகைய தோழமையை எம் பிள்ளைகளுக்கு அருளுமாறு எம்பெருமானின் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்

சுபம்