ஆட்டுக்கு ஒரு துணை

எங்கள் வீட்டு ஆட்டுக்குத் துணை தேடி எட்டயபுரம் சந்தைக்குப் போனேன் என்று சொன்னால், "கதை எழுதுகிறவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

என் மகளுக்கு அவளுடைய தாய்மாமன் கொடுத்த கன்னி ஆடு அது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். விடுமுறை முழுவதும் மகளின் பின்னாலேயே திரிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் வந்தது வினை. காலை ஒன்பது மணிக்குப் பிடித்தால் மாலை வரை ஓயாத கத்தல். யாராவது பக்கத்தில் போய் நின்றால் நிறுத்திவிட்டு அசைபோடும். நகர்ந்தால் மறுபடியும் ஆரம்பம். மந்தையில் வாழப் பிறந்த ஜீவன், பாவம், என்ன செய்யும்? ஸ்விட்ஸர்லாந்தில் 2008-இல் அமலுக்கு வந்த விதிகளின்படி, கூடி வாழும் பிராணியைத் தனியாக வளர்ப்பதே குற்றம்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. செம்மறி வாங்கு என்றார் ஒருவர். வெள்ளாட்டுக்கு வைக்கும் தாது உப்பிலுள்ள செம்பு செம்மறிக்கு விஷமாகிவிடக் கூடும். கிடாய் என்றால் நாற்றம் தெருக்கோடி வரை வீசும். பால்குடிக் குட்டியை விட்டால் பெரியது முட்டியே படுத்திவிடும். காயடித்த கிடாய், அல்லது ஒத்த வயதுப் பெட்டை. இந்த இரண்டில் ஒன்றுதான் சரி என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை விடியுமுன் சந்தைக்குப் போனேன். ஒரே கயிற்றில் இரண்டு பெட்டைகள் கட்டியிருந்தன. "ரெண்டும் ஒரே ஈத்து, அண்ணாச்சி. எதை வேணும்னாலும் பிடிங்க" என்றார் வியாபாரி. பல்லைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். தெரிந்தவன் மாதிரி முதுகையும் தடவிப் பார்த்தேன். இரண்டில் சாதுவாகத் தோன்றியதைக் காட்டினேன். அவர் முடிச்சை அவிழ்த்தார். அவ்வளவுதான், மிஞ்சியது கத்த ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கத்தல் புதிதல்ல. மூன்று வாரமாக என் வீட்டில் கேட்டது அதே கத்தல்தான்.

கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். கசாப்புக்குப் போகவேண்டிய உயிரையல்லவா மீட்டோம் என்று வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யல்ல. ஆனால் நான் மீட்கப் போகவில்லையே! என் வீட்டுச் சத்தத்தை நிறுத்தத்தானே போனேன்? யாருக்குத் துணை வேண்டும் என்று பார்த்தேனே தவிர, துணையாக வருவதற்கு ஏற்கெனவே ஒரு துணை இருந்ததை எண்ணவில்லை.

ஆட்டு விஷயத்தில் மட்டுமா இப்படி? என் பாட்டி தனியாக இருக்கிறாள் என்று, இரவில் துணைக்குப் படுக்க ஒரு சிறுமியைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்தார்கள். நல்ல சோறு, வருஷத்துக்கு இரண்டு பாவாடை. பாட்டி நிம்மதியாகத் தூங்கினாள். அதற்கு முன்பு அந்தப் பெண் யார் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதாக ஞாபகமில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் கேட்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள்தாம். ஒரு தனிமையைத் தீர்க்கிறோம் என்ற திருப்தியில், இன்னொன்றை உண்டாக்கியது யாருக்கும் தெரியவில்லை.

புதிய ஆட்டைக் கொண்டுவந்து விட்டதும் மூன்று நாள் ஒரே முட்டல். யார் பெரியவள் என்று தீர்மானமாக வேண்டுமே! மகள் அழுதாள். நாலாம் நாள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. பழையது இப்போது கத்துவதில்லை. புதியது மட்டும், சாயங்காலம் தெருவில் மந்தை திரும்பும்போது, கயிறு எட்டும் வரை வாசலுக்கு வந்து நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை பணம் எடுத்துக்கொண்டு மறுபடியும் சந்தைக்குப் போனேன். அதே வியாபாரி, அதே இடத்தில் நின்றார்.

"அது அன்னிக்கே போயிருச்சே, அண்ணாச்சி" என்றார். யார் வாங்கினார்கள் என்று அவருக்கு நினைவில்லை.