வாழ்வதற்கு ஓர் ஊர்

ஒரு தவக்கால மாலையில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய துணைவியாரும் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தனர். வங்கி மாற்றிய ஊர்களிலெல்லாம் வாடகை வீட்டில் குடியிருந்தே தலை நரைத்தவர்கள். மகன் பெங்களூரில் இருக்கிறார். தம்மோடு வந்துவிடும்படி அழைக்கிறார். இவர்களுக்கோ காரைக்குடியில் ஒரு சிறு வீடு பார்த்துக் குடியேற ஆசை. அங்கே உறவினர் எவருமில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "காலேஜ் இருக்கிற சின்ன ஊர் சாமி. அமைதியா இருக்கும். நாங்க அங்க போறதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

வசதியாக இருக்குமா என்று கேட்டிருந்தால் எளிதாக விடை சொல்லியிருப்பேன். 'தப்பு' என்ற அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது. ஓர் ஊரைத் தெரிந்துகொள்வதில் சரியும் தவறும் உண்டா?

நம் முன்னோருக்கு இக்கேள்வி பெரும்பாலும் எழவில்லை. பிறந்த ஊர் ஒன்று, பெண்களுக்கு வாக்கப்பட்ட ஊர் ஒன்று, பஞ்சம் வந்தால் பிழைக்கப் போன ஊர் ஒன்று. இம்மூன்றில் எதுவும் ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தெரிந்துகொண்டது அன்று. 'எனக்குப் பிடித்திருக்கிறது, ஆகவே இங்கே வாழ்கிறேன்' என்று சொல்லக்கூடிய ஊருக்கு நம் பேச்சு வழக்கில் தனியாக ஒரு பெயர்கூட இல்லை. ஓய்வூதியமும் சேமிப்பும் இப்போது சிலருக்கு அந்த உரிமையை அளித்திருக்கின்றன. சிலருக்குத்தான் என்பதை மறந்துவிடலாகாது.

காரைக்குடியை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. அம்மையார் இளமையில் ஒருமுறை கம்பன் விழாவுக்குப் போயிருக்கிறார். 1939இல் சா. கணேசன் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பெருநகரங்களுக்கே உரியன என்று நாம் எண்ணும் சிலவற்றை, தனி மனிதரின் பிடிவாதத்தால் சிற்றூர்ப் பகுதியும் பெற்றுவிடுவதுண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தம் வீட்டில் சேர்த்துவந்தார். அவர் 1992இல் மறைந்தபோது அச்சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சமாக வளர்ந்திருந்தது. இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகத்திற்கு அதுவே அடித்தளம். அறிஞர்கள் அவரைத் தேடி அந்த ஊருக்கு வந்தார்கள். 

அது கல்லூரி நகரானதும் தற்செயலாக அன்று. 1947இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வர வேண்டும் என்று ஆ. இலட்சுமணசாமி முதலியார் வேண்டினார். அழகப்பச் செட்டியார் அங்கேயே வாக்களித்து, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. ஐம்பது வயதை எட்டுமுன்னரே, 1957இல் அழகப்பர் இறந்துபோனார். அவர் பெயரிலான பல்கலைக்கழகம் 1985இல் உருவாயிற்று. ஆக, இன்று அங்கே ஓய்வாக வாழ நினைப்பவர் மற்றொருவர் இழந்து உண்டாக்கிய நிழலில் அமரப் போகிறார். நிழலில் அமர்வது பாவமன்று. ஆனால் அந்த நிழலில் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொடக்கநூலின் 13ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் சச்சரவு. நிலம் இருவருக்கும் போதவில்லை. மூத்தவரான ஆபிராம், தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுக்கிறார். லோத்து பார்க்கிறான், யோர்தான் சமவெளி நீர்வளத்தோடு செழித்துக் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறான். சோதோமுக்கு அருகே போய்க் கூடாரமடித்தான் என்பதற்காகவே மறையுரைகளில் அவனைக் கண்டிப்பது நம் வழக்கம், நானும் கண்டித்திருக்கிறேன். இப்போது என்னை உறுத்துவது வேறு. நல்ல நிலத்தைத் தெரிந்துகொண்டதில் அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால், 'அப்படியானால் உங்களுக்கு எஞ்சுவது என்ன?' என்று அவன் அந்தப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டதாக விவிலியத்தில் இல்லை.

இதை நான் தொலைவில் நின்று சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பணிமாற்றக் காலத்தில், விருப்பம் ஏதேனும் உண்டா என்று அன்றைய ஆயர் கேட்டபோது, ஒரு சிறிய கல்லூரி நகரின் பங்கைக் கேட்டு எழுதினேன். மாணவர்களிடையே மறைப்பணி ஆற்ற விழைகிறேன் என்பது கடிதத்தில் நான் கூறிய காரணம். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. அந்த ஊரில் நல்ல நூலகம் இருந்தது. மாலை நேரத்தில் பேராசிரியர்களோடு பேசியபடி மரநிழலில் நடக்கலாம். குருமடத்தில் வாங்கிய, பிரிக்கப்படாத இறையியல் நூல்களை இனியாவது படிக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. கேட்டது கிடைத்தது. ஓராண்டு கழித்துத்தான் உபதேசியார் ஒருவர் வாயிலாக அறிந்தேன்: நான்கு கிளைக் கிராமங்கள் கொண்ட வறண்ட பங்கில் நீரிழிவு நோயோடு உழைத்துக்கொண்டிருந்த மூத்த குரு ஒருவர், மருத்துவமனை அருகிருக்கும் என்பதற்காக அதே பங்கை எதிர்பார்த்திருந்தார். அவர் மேலும் நான்காண்டுகள் அந்த வறண்ட மண்ணிலேயே இருந்தார். என்னைக் காணும்போதெல்லாம் பழைய அன்போடு கையைப் பற்றிக்கொள்கிறார். அந்தக் கையை எளிதாகப் பற்ற எனக்கு இன்றுவரை முடியவில்லை.

அந்த ஊர் எனக்கு மற்றொன்றையும் காட்டியது. கல்லூரி வாயிலருகே மாணவர்களுக்கு மெஸ் நடத்திவந்த ஓர் அம்மா ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவார். ஒரு மே மாதத்தில், விடுமுறையால் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவரிடம் வியந்து சொன்னேன். "உங்களுக்கு அமைதி சாமி. பிள்ளைங்க ஊருக்குப் போயிட்டா, காலேஜ் தொறக்கிற வரைக்கும் என் கம்மல் அடகுக்கடையிலதான் இருக்கும்" என்றார். நான் விரும்பி வந்த ஊரும் அவர் பிழைக்கும் ஊரும் ஒரே ஊர்தானா என்று அன்று ஐயுற்றேன். மூன்றாண்டுகளில் மாணவர் போய்விடுவர். ஐந்தாண்டுகளில் குருவும் போய்விடுவார். ஒரு கல்லூரி நகரின் பாரம் அங்கேயே இருப்பவர் தலையில்தான் விழுகிறது.

2019இல் புனிதராக உயர்த்தப்பெற்ற கர்தினால் நியூமனை இங்கே நினைக்காமல் இருக்க இயலவில்லை. கல்லூரி நகரை அவரைப்போல நேசித்தவர் அரியர். 1817இல் இளைஞராக ஆக்ஸ்ஃபோர்டில் வாழத் தொடங்கியவர், கத்தோலிக்கரான பின் 1846இல் அதைவிட்டு வெளியேறினார். பர்மிங்காம் என்னும் தொழில் நகரில், பழைய சாராய ஆலைக் கட்டடம் ஒன்றில் 1849இல் தம் பணியைத் தொடங்கினார். அவ்வாண்டே பில்ஸ்டனில் காலரா பரவியபோது, அங்கிருந்த நோயாளிகளுக்குத் துணைபுரியச் சென்றார். ஆக்ஸ்ஃபோர்டை அவர் மீண்டும் மிதித்தது 1878இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் இடையில் கழிந்திருந்தன. அவரளவு துறக்கும்படி நம்மில் எவரையும் வற்புறுத்த நான் துணியமாட்டேன். துறவறத்தாரின் அளவுகோலால் இல்லறத்தாரை அளப்பதும் முறையன்று. முதுமையில் கொஞ்சம் அமைதியும் படிக்க நான்கு புத்தகங்களும் வேண்டும் என்பது நேரிய ஆசைதான்.

எனவே அத்தம்பதியிடம் போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மூத்த குருவின் கதையை மட்டும் சொன்னேன். கணவர் சற்று மனம் வருந்தினார் என்றே நினைக்கிறேன். ஆசியை எதிர்பார்த்து வந்தவருக்கு என் பாவசங்கீர்த்தனம் எதற்கு? அம்மையார்தான் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நாம பார்த்த வீட்டுல இப்ப யாரு குடியிருக்காங்க?" என்று கணவரைக் கேட்டார். கல்லூரியில் காவலராக இருப்பவரின் குடும்பம். பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகள். கூடுதல் முன்பணம் தரும் ஓய்வூதியக்காரர் வந்தால் அவர்களைக் காலி செய்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

அவ்வாண்டு ஜூனில் அவர்கள் காரைக்குடிக்குக் குடிபோனார்கள். அதே தெருவில், மாடியிலிருந்த வேறொரு வீட்டிற்கு. வாடகை சற்றுக் கூடுதல். காவலரின் மூத்த பெண் மாலையில் அம்மையாரிடம் தமிழ் படிக்க வருகிறாளாம். கணவர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்த மாடிப்படியைப் பற்றித்தான் குறை சொல்கிறார். முழங்கால் வலிக்கிறதாம்.