காத்தலும் காத்திருத்தலும்

தலைப்பேற்றில் அறுவைச் சிகிச்சையால் மகவை ஈன்ற தாய், அடுத்த பேற்றில் இயல்பான வலிக்குக் காத்திருப்பது அறிவுடைமையா, வீண் துணிச்சலா? ஒருமுறை அறுவையெனின் என்றும் அறுவையே என்னும் கருத்தை 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் உரைத்தார். அக்காலத்தில் கருப்பையை நெடுக்காகக் கீறுவர். அத்தழும்பு பிளத்தற்கு எளிது. இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகவே கீறுகின்றனர். அவ்வாறு கீறப்பட்டு இயல்புப் பேற்றிற்கு முயலும் தாயருள் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வெற்றி காண்கின்றனர். தழும்பு பிளக்கும் இடர் ஏறத்தாழ 200 பேரில் ஒருவர்க்கே. மருந்தால் வலியைத் தூண்டின் அவ்விடர் மிகும். ஆதலின் பொறுத்திருத்தலுக்குப் பொருளுண்டு.

ஆயினும் காத்திருத்தல் என்னும் சொல்லினுள்ளேயே காத்தல் அடங்கியிருத்தலை எண்ணுக. அறுவைக் கூடமும் குருதியும் ஆயத்தமாயிருக்க, மகவின் இதயத்துடிப்பை இடையறாது நோக்கியிருப்பதே காத்திருத்தல். அஃதின்றேல் அது வாளாவிருத்தலே. இடர் தோன்றியவுடன் அறுவைக்கு இசைவதும் அக்காவலின் பகுதியேயன்றித் தோல்வியன்று. இயல்பாய்ப் பெற்றவள் உயர்ந்தவள், அறுவையால் பெற்றவள் தாழ்ந்தவள் என்னும் பேச்சு நம் இல்லங்களில் ஒழிதல் வேண்டும். உண்மையை விளங்க உரைத்தல் மருத்துவர் கடன். தெரிந்து தேர்தல் தாயின் உரிமை. அவள் தேர்ந்ததை மதித்தல் சுற்றத்தார் கடன்.