எந்த அளவு மெய்?

ஒரு பொருளை இருவர் அளந்து இருவேறு எண்களைக் கூறுவாராயின், அவருள் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டுவது உலக வழக்கம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். தோட்டத்து ஆபீசில் எண்களை எழுதிப் பிழைக்கும் கிராணிக்கு அவ்வெண்ணம் மிக வசதியானது. இரண்டிலொன்றை அடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். அவ்வசதி அநீதிக்கு எத்துணை இடந்தரும் என்பதைச் சிரம்பானை அடுத்த ஒரு தோட்டத்தில் ஒரு மீட்டரும் ஒரு விளக்கும் நமக்குக் கற்பித்தன.

ஆளற்ற லயன் வீடொன்றில், முனை துண்டிக்கப்பட்டுப் பல்லாண்டு பயனின்றிக் கிடந்தது ஒரு வயர். புதிதாய் வேலைக்கு வந்த இளைஞர் தம் டிஜிட்டல் மீட்டரை அதில் வைத்தார். 80 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. முதிய வயர்மேன் தம் சோதனை விளக்கை வைத்தார், அது எரியவேயில்லை. விளக்கு பழுது என்றார் இளையவர். மீட்டர் பழுது என்றார் முதியவர். வழக்கு நம்மிடம் வந்தது. ஆங்கிலப் பள்ளியிற் படித்த மிடுக்கால், புதுக்கருவியே மெய் கூறும் என்று தீர்மானித்து, அவ்வாறே எழுதப் பேனாவை எடுத்தோம்.

முதியவர் வாதாடவில்லை. மின்சாரம் உண்டென்று உறுதியாகத் தெரிந்த வேறோரிடத்தில் விளக்கை வைத்து, அது எரிவதைக் காட்டினார். பின்பு அந்த வயரில் விளக்கையும் மீட்டரையும் ஒருங்கே வைத்தார். மீட்டரின் எண் ஏறக்குறையச் சுழிக்கு இறங்கிற்று. மீண்டும் விளக்கை முதலிடத்தில் வைத்து, அது பழுதாகவில்லை என்பதையும் காட்டினார். "கிராணி ஐயா, ரெண்டும் மெய்தான்" என்றார்.

எங்ஙனம்? அந்த வயர் மின்சாரம் ஓடும் மற்றொரு வயரை ஒட்டியே சென்றது. இரண்டும் தொடாவிடினும், அண்மையினால் மிகச் சிறிதளவு மின்சாரம் தாவும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம். அது வயரிடம் ஏதும் கேட்பதில்லை என்றே சொல்லலாம்; ஆதலின் அழுத்தம் அப்படியே தோன்றும். விளக்கோ வேலை கேட்கிறது. வேலை செய்யும் ஆற்றல் அங்கில்லாமையால் அழுத்தம் மறைகிறது. மின் தொழிலாளர் இதனைப் பேய் வோல்ட்டேஜ் என்பர். எல்லாப் பேய்களையும் போலவே இதுவும் விளக்கைக் கொண்டுபோனால் ஓடிவிடுகிறது!

அங்ஙனமாயின் பழைய கருவியே சிறந்ததென்று கொள்ளலாமோ? அதுவும் தவறு. 12 வோல்ட் பாட்டரி ஒன்றின் குறுக்கே, தலைக்கு 1 லட்சம் ஓம் உள்ள இரு தடைகளை வரிசையாக இணையுங்கள். நடுப்புள்ளியில் இருப்பது 6 வோல்ட். வோல்ட்டுக்கு 20,000 ஓம் தரமுள்ள முள் மீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்துப் பார்த்தால், அதன் உள்தடை 2 லட்சம் ஓமே ஆதலின், 4.8 வோல்ட்தான் காட்டும். டிஜிட்டல் மீட்டர் 5.97 காட்டும். முள் மீட்டர் பொய் கூறவில்லை. அதனை வைத்த பின்னர் அங்கே உண்மையிலேயே 4.8 வோல்ட்தான் இருக்கிறது. அளக்க வந்ததே தன் பாரத்தினால் அளக்கப்படுவதைத் தாழ்த்திவிட்டது.

வோல்ட்டுக்கேனும் மேல்முறையீடு உண்டு. 1962-இல் பிரையன் ஜோசப்சன் என்னும் 22 வயது மாணவர் கண்ட விளைவைக் கொண்டு, 1990 முதல் உலகெங்கும் வோல்ட் நிலைநிறுத்தப்படுகிறது. நமக்கு அண்மையில் சிப்பாங்கிலும் தேசிய அளவியல் நிலையம் இருக்கிறது. கருவிகளை அங்கே ஒப்பிட்டுத் திருத்தலாம். மனிதர் வாய்ச்சொல்லை ஒப்பிட எந்த நிலையம் உண்டு? கேட்கும் முறை ஒன்றைத் தவிர நமக்கு வேறு துணையில்லை.

இதனை எழுதுகையில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன், பால்வெட்டும் அம்மையார் ஒருவர், தாம் கொணர்ந்த பால் குறைத்து எழுதப்பட்டதென முறையிட்டார். மண்டோர் மறுத்தார். அம்மையாரை ஆபீசுக்கு அழைத்தோம். நாம் அமர்ந்திருந்தோம்; மண்டோர் நமதருகில் நின்றார்; அம்மையார் வாயிற்படியில் நின்றார். "உண்டா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்" என்றோம், நம்மினும் மூத்தவரை நோக்கி! "நீங்க எழுதினதே இருக்கட்டும் ஐயா" என்று தாழ்ந்த குரலில் கூறிச் சென்றார். அத்தாழ்ந்த குரலையே ஒப்புதலாக எழுதிக்கொண்டோம். நாம் ஏற்றிய பாரத்தால் அக்குரல் தாழ்ந்தது என்னும் எண்ணம் அன்று நமக்கு எழவில்லை. அவர் இன்று அத்தோட்டத்தில் இல்லை. அவர் சொல் மெய்யா என்பதை இன்றும் நாம் அறியோம். அறியும் வழியை நாமே அடைத்துவிட்டோம்.

இதற்கு மாறானதும் உண்டு. இன்னான் களவாடினான் என்று லயனெங்கும் ஒரு வதந்தி எழும். கேட்பார் யாவரும் தலையசைத்துக் கேட்பரேயன்றி, அதன்மேல் ஒரு கேள்வியையும் வைக்கார். ஆதலின் அது 80 வோல்ட் போல நிமிர்ந்து நிற்கும். எந்த நாள், எவ்விடம், கண்டவர் யார் என்று வினவினால் சுழிக்கு இறங்கும். அம்மையாரிடம் ஏற்றிய பாரத்தை நாம் அவ்வதந்தியின்மீதன்றோ ஏற்றியிருக்கவேண்டும்? நாமோ எளியாரைக் கடிந்து வினவி, வதந்தியை வினவாமலே ஏற்கிறோம்.

கிராணிமாரே, மண்டோர்களே, சங்கத் தலைவர்களே! அடுத்த பிரட்டில் இருவர் இருவேறு கணக்குக் கூறினால் உடனே பேனாவை எடுக்கவேண்டா. எளியவரை அமரச் செய்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே கேளுங்கள். பலர் வாயிற் கேட்ட பழியாயின் நாளும் இடமும் சாட்சியும் கேளுங்கள். அவ்வயர்மேன் முன்னும் பின்னும் தம் விளக்கையே சோதித்ததுபோல், விசாரணைக்கு முன்னும் பின்னும் உங்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்ய அரைமணி நேரம் ஆகும். நாம் அன்று அம்மையாருக்குக் கொடுக்க மறுத்தது அந்த அரைமணி நேரந்தான்.