விலை கொடுத்தபின் கடன் உண்டோ?

உணவுக்கடை ஒன்றிற் புகுந்து, பசியாற உண்டு, கேட்ட விலையைக் கொடுத்து வெளியே வருகின்றோம். அவ்வுணவைச் சமைத்தவனுக்கும் நமக்கும் இடையே பின்னும் ஏதேனும் கொடுக்கல் வாங்கல் எஞ்சி நிற்கின்றதோ? எஞ்சவில்லை என்பதே உலகத்தாரிற் பெரும்பாலோர் கூறும் விடை. தானமாகப் பெற்ற சோற்றுக்கு நன்றிக்கடன் உண்டு. விலைக்குப் பெற்ற சோற்றுக்கு அதுவும் இல்லை என்பர். இவ்விடை பொருந்துமா என்பதை ஆராய வேண்டும். பொதுப்படப் பேசினால் இத்தகைய விசாரணை காற்றிற் கரைந்துவிடும். ஆதலின் ஒரேயொரு கோப்பை உணவை நம்முன் வைத்துக்கொண்டு பேசுவோம். சீன நாட்டின் வடமேற்கே, கான்சு மாகாணத்தின் தலைநகராகிய லாஞ்சோவில், கையால் இழுத்துச் செய்யப்படும் நூடுல்ஸ் சூப்பே அக்கோப்பை.

இவ்வளவு தொலைவு போவானேன் என்று அன்பர் சிலர் வினவலாம். நாம் எழுப்பிய வினா அந்நகரில் 2007ஆம் ஆண்டு ஏட்டை விட்டிறங்கி வீதிக்கு வந்தது. அரசாங்க அலுவலகம் வரை ஏறிற்று. அதனை முறையாகக் கூறுமுன் கோப்பைக்குள் இருப்பது யாதென அறிதல் வேண்டும்.

லாஞ்சோவின் நடுவே மஞ்சளாறு ஓடுகின்றது. பட்டுப்பாதை எனப்படும் பழைய வணிகப் பெருவழியில் அமைந்த ஊர் அது. ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட யுவான் சுவாங் அவ்வூரைக் கடந்தே வந்தார். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பிங்லிங் குகைக் கோயிலில் கி.பி. 420ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இன்றும் உள்ளது. இவ்வுணவை அங்கே வளர்த்தவரோ ஹுய் எனப்படும் முஸ்லிம் மக்கள். மா பாவ்சி என்பார் 1915ஆம் ஆண்டளவில் தோளிற் சுமந்து விற்றதே இன்றைய முறைக்கு முதல் என்பர். 1799ஆம் ஆண்டுக்கே கொண்டுசெல்வாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று.

கோப்பைக்கு ஐந்து இலக்கணம் சொல்லப்படுகின்றன. சாறு தெளிவாயிருத்தல் வேண்டும். முள்ளங்கி வெள்ளையாகவும், மிளகாய் எண்ணெய் சிவப்பாகவும், கொத்துமல்லியும் பூண்டுத்தாளும் பசுமையாகவும், நூடுல்ஸ் இளமஞ்சளாகவும் தோன்றுதல் வேண்டும். மாட்டெலும்பையும் இறைச்சியையும் வாசனைப் பொருள்களோடு நெடுநேரம் கொதிக்கவைத்துப் பெறும் சாறு கலங்காமல் தெளிந்து நிற்பது எளிதன்று. நுரையை அடிக்கடி எடுத்து நெருப்பை அடக்கி வைக்கும் பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு அது. அந்நகரத்தார் இதனைக் காலையுணவாக உண்பவர். ஆகவே சாறு கொதிக்கும் அடுப்பு, ஊர் விழிக்குமுன் எரியத் தொடங்குகின்றது. பழைய முறைக் கடைகள் பல பிற்பகலிலேயே மூடிவிடுகின்றன.

மாவின் வேலை இன்னும் கடினம். பசைத்தன்மை மிகுந்த கோதுமை மாவில் நீரும் உப்பும் சேர்த்துப் பிசைவர். முற்காலத்தில் வறண்ட நிலத்துச் செடியொன்றை எரித்தெடுத்த சாம்பற்காரத்தையும் கரைத்து விடுவர். இன்று பெரும்பாலும் ஆயத்தமாக விற்கும் காரத்தூள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. மாவுக்கு நீளும் குணமும் மஞ்சள் நிறமும் வருவது அக்காரத்தினால். பிசைந்தபின் மாவை ஓய விடுதல் வேண்டும். ஓய்வின்றி இழுத்தால் அறுந்துபோகும். (மாவுக்குத் தெரிந்த இந்த நியாயம் மேஸ்திரிகள் சிலருக்குத் தெரிவதில்லை.) பின்னர் ஒரு திரியை இரு கைகளாலும் பற்றி இழுத்து, மடித்து, மறுபடியும் இழுக்கின்றான் தொழிலாளி. ஒன்று இரண்டாகின்றது; இரண்டு நான்காகின்றது; ஏழாம் மடிப்பில் 128 இழைகள்; எட்டாம் மடிப்பில் 256. இவ்வளவும் நாம் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்திற்குள் முடிந்து, இழைகள் கொதிநீரில் விழுகின்றன. மயிரிழை போன்றது முதல் இடைவார் அளவு அகன்றது வரை, உண்பவர் கேட்ட பருமனில் இழுத்துத் தருதல் வேண்டும்.

நூற்பாலையில் உழைத்தவனுக்கு இவ்வேலை அந்நியமன்று. டிராயிங் எந்திரத்தில் ஆறு அல்லது எட்டு ஸ்லைவர்களை ஒன்றுசேரச் செலுத்தி ஒன்றாக இழுக்கின்றோம். ஒன்றின் தடிப்பு மற்றொன்றின் மெலிவோடு சேர்ந்து சமனாகின்றது. நாம் பலவற்றை ஒன்றாக்குகின்றோம். லாஞ்சோக்காரன் ஒன்றைப் பலவாக்குகின்றான். இழுவிசை ஓரிடத்தில் மிகுந்தால் இழை அறும் என்னும் விதி இரண்டுக்கும் பொது. ஆனால் இங்கே இழுவிசையைத் தாங்குவது இரும்பு உருளை. அங்கே தாங்குவது ஒருவனுடைய தோள்மூட்டு. உருளை தேய்ந்தால் மாற்றிவிடலாம்.

இனி வினாவுக்கு வருவோம். விலை கொடுத்ததும் கடன் தீர்ந்தது என்பாரை எளிதிற் பழித்தல் ஆகாது. அவர் கூற்றில் பெரியதோர் உண்மை உண்டு. பணம் கொடுத்து உண்பவன் யாரையும் கும்பிட வேண்டுவதில்லை. பணம் பெற்றுச் சமைப்பவன் யாருக்கும் அடிமையல்லன். லாஞ்சோக் கடையில் முன்னதாகச் சீட்டு வாங்கிச் சமையற்சாளரத்தில் நீட்டி, இழையின் பருமனைச் சொல்லிக் கோப்பையை ஏந்திக்கொண்டு, எந்த மேசையில் இடமிருக்கின்றதோ அங்கே முன்பின் அறியாதார் அருகில் அமர்ந்து உண்கின்றனர். மூட்டை சுமப்பவனும் எழுத்தனும் ஒரே பலகையில் இருக்கின்றனர். காசு நீட்டியும் உள்ளே உட்கார இடம் பெறாதிருந்தோரின் மக்களாகிய நமக்கு இது சிறு காரியமாகத் தோன்றாது. உணவுக்கடைக்குள் நுழையும் உரிமையை நம் அரசியற்சட்டம் 15ஆம் பிரிவில் எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதை மறந்தவரே, விலைக்குப் பெறும் உணவை அன்பில்லாத உணவு என்று இகழ்வர். யான் அவ்வாறு இகழேன். விலை என்பது மனிதரை மனிதர்க்குச் சமமாக்கும் வழிகளுள் ஒன்று.

ஆயின் அவ்விலையை அறுதியிடுபவர் யார்? இங்கேதான் 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சி உதவுகின்றது. அவ்வாண்டு ஜூன் நடுவில் லாஞ்சோக் கடைகள் பல கோப்பையின் விலையை அரை யுவான் உயர்த்தின. மாவும் இறைச்சியும் எண்ணெயும் விலையேறிவிட்டன என்பது கடைக்காரர் வழக்கு. நாள்தோறும் காலையில் அதை உண்டே வேலைக்குச் செல்லும் ஏழை எளியோர் முணுமுணுத்தனர். அம்மாதம் முடியுமுன் நகர அதிகாரிகள் தலையிட்டு, சாதாரணத் தரக் கடைகளிற் பெரிய கோப்பை ஒன்றுக்கு 2.50 யுவானுக்கு மேல் வாங்கலாகாது என்று உச்ச விலை விதித்தனர். நாடெங்கும் விவாதம் மூண்டது. ஏழையின் காலையுணவைக் காப்பது அரசின் கடமை என்றனர் ஒருசாரார். கோப்பைக்கு விலை குறிப்பது சந்தையின் வேலை, அதிகாரியின் வேலையன்று என்றனர் மற்றொரு சாரார்.

இரு சாராரும் ஒருவனை விட்டுவிட்டனர் என்பதே என் கருத்து. உண்பவனைப் பற்றிப் பேசினர். கடை முதலாளியைப் பற்றியும் பேசினர். மாவை இழுப்பவன் எங்கே? மாவின் விலையை ஆணை குறைக்கவில்லை. இறைச்சியின் விலையையும் வாடகையையும் குறைக்கவில்லை. கோப்பையின் விலையை மட்டும் கட்டிவைத்தால், கடைக்காரன் கை வைக்கக்கூடிய இடங்கள் மூன்றே. இறைச்சித் துண்டைச் சிறிதாக்கலாம், தன் ஆதாயத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கூலியை அமுக்கலாம். இவற்றுள் எது எதிர்ப்பின்றி நடக்கும் என்பதைக் கூலி வாங்கியவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஏழைக்கு இரங்கி இட்ட ஆணை, அவனினும் சற்றே எளியவனொருவன் தோளில் இறங்கிவிடக் கூடும். இரக்கம் பொய் என்று யான் சொல்லவில்லை. இரக்கத்துக்கான செலவை யார் ஏற்பது என்று கேளாமல் விட்ட இரக்கம் அது.

மலிவு உணவே தவறு என்பதும் பொருந்தாது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் ஆலைகளிற் கேன்டீன் அமைக்க வழிசெய்தது. அங்கே பலகாரத்தின் விலையைக் கணக்கிடுங்கால், கேன்டீன் நடத்தும் செலவுகளில் எவற்றை விலையிற் சேர்க்கலாகாது, எவற்றை முதலாளியே ஏற்க வேண்டும் என்று விதிகளில் வகுத்துவைத்தனர். அக்கேன்டீனில் தேநீர் மலிவாயிருந்ததெனின், அதன் செலவை ஏற்பவர் இன்னார் என்று எழுத்தில் இருந்தது. லாஞ்சோவின் ஆணையில் அந்தப் பெயர் இல்லை. மலிவு அறமாவதும் களவாவதும் இவ்வொரு வரியைப் பொறுத்தது என்று எண்ணுகின்றேன்.

இன்று அங்கே 2.50 யுவானுக்குக் கோப்பை கிடைப்பதில்லை. 2021ஆம் ஆண்டு இந்த நூடுல்ஸ் செய்யும் கைத்திறனைச் சீன அரசு தேசிய மரபுச்செல்வப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. நன்று. கைத்திறனுக்கு மாலை சூட்டுதல் எளிது. கைக்கு உரிய கூலி வேறு விஷயம்.

அக்கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். சீனத்தின் பிற நகரங்களில் லாஞ்சோ என்று பெயர்ப்பலகை தாங்கிய கடைகளிற் பலவற்றை நடத்துவோர் லாஞ்சோவினர் அல்லர்; அண்டையிலுள்ள சிங்ஹாய் மாகாணத்தின் ஹுவாலோங் என்னும் வறிய மலைநாட்டு மக்கள். நிலம் சோறிடாததால் வெளியேறியவர்கள். இளைஞனொருவன் உறவினன் கடையில் முதலிற் பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, மாவு பிசையக் கற்று, கூலியிற் சேமித்து, சில ஆண்டுகளில் வேறோர் ஊரிற் சொந்தக்கடை வைக்கின்றான். பின் தன் ஊரிலிருந்து மற்றொருவனை அழைத்துக்கொள்கின்றான். இவ்வழியில் வறுமை நீங்கிய குடும்பங்கள் பல. இதனையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும்; இல்லையேல் மாவு இழுப்பவன் என்றும் பரிதாபத்துக்குரியவன் என்ற பொய்ச்சித்திரம் உண்டாகிவிடும். அவனுக்கு வேண்டுவது நம் பரிதாபமன்று. கணக்குச் சரியாயிருத்தலே வேண்டும்.

விலையும் கூலியும் சரியாயின் கடன் முற்றும் தீர்ந்ததோ? சீனத்து விகாரைகளிற் பிக்குகள் உண்ணுமுன் ஐந்து சிந்தனைகளை மனத்திற் கொள்ளும் வழக்கம் உண்டு. அவற்றுள் முதலாவது, இவ்வுணவு எத்துணை உழைப்பால் இங்கு வந்தது என்பது. அது பிச்சையேற்று உண்பார்க்கு மட்டும் உரிய சிந்தனை எனக் கொள்வது குறுகிய நோக்கு. கையால் இழுத்த நூடுல்ஸ் சாற்றில் நீண்டநேரம் கிடந்தால் ஊறிக் குழைந்துபோகும். எதிரிலிருப்பவனிடம் வம்பளந்து அதனை ஆறவிடுபவன், முழு விலையும் கொடுத்தவனே ஆயினும், ஒருவன் அறுந்துபோகாமற் காத்த இழைகளை வீணாக்கினான் அல்லனோ? விலைச்சீட்டு உண்ணும் உரிமையை அளித்தது. பாழாக்கும் உரிமையை அளித்ததென யாங்கும் எழுதியிருக்கவில்லை. சூடாக இருக்கும்போதே கருத்தோடு உண்டு, அடுத்தவனுக்கு இடம் விட்டெழும் லாஞ்சோக் கூலியாள், தத்துவம் ஏதும் பேசாமலே இதை நன்கறிந்திருக்கின்றான்.

இவ்விடத்தில் வலிய தடையொன்று எழுப்பப்படும். உண்ணும் ஒவ்வொரு கடையிலும் நுழைந்து கூலிக்கணக்கு விசாரிக்க எவரால் இயலும்? பசித்தவன் வேலையா அது? நியாயமான தடையே. ஊன் உணவைப் பற்றிப் பகவன் வகுத்த விதி இதற்கு ஒளி தருகின்றது. தமக்கென்று கொல்லப்பட்டதைக் கண்டிருந்தால், கேட்டிருந்தால், அன்றி ஐயுற்றிருந்தால் பிக்கு அவ்வூனை ஏற்றலாகாது; இம்மூன்றும் இல்லையேல் ஏற்கலாம். காணாததற்கெல்லாம் பொறுப்பேற்கச் சொல்லாத, நடைமுறைக்கு ஒத்த விதி. இதனை உழைப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம். தொலைதூர ஆலையிற் பொட்டலமாகி வரும் உணவில் யாருடைய கை பட்டது என்பதை நாம் கண்டிலோம். ஓரளவு மன்னிப்பு உண்டு. லாஞ்சோக் கடையிலோ சமையலறைக்குச் சுவர் இல்லை, சாளரம் இருக்கின்றது. சீட்டை நீட்டி, மெல்லியதா அகன்றதா என்று சொல்லிவிட்டு நிற்பவன் கண்ணெதிரே, அவனுக்கென்றே, அந்தத் தோள் ஏழு முறையோ எட்டு முறையோ விரிந்து மடங்குகின்றது. வரிசையில் அவனுக்கு முன்னே நின்றவர் எத்தனை பேர் என்பதையும் அவன் எண்ணிப் பார்த்தேயிருப்பான்.