மூலன் உடலும் டிஸ்க்கின் கேசிங்கும்

லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றியதும் பழைய ஹார்ட் டிஸ்க் வெளியே வந்துவிடுகிறது. அதில் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் இருக்கும், அப்பாவின் குரல் பதிவு இருக்கும். தூக்கிப் போட மனம் வராது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கேசிங் வாங்கி மாட்டிவிட்டால் பென் டிரைவ் போலப் பயன்படும். வாங்க வருகிறவர் பெரும்பாலும் விலையைக் கேட்பார், நிறத்தைப் பார்ப்பார். ஆனால் அந்தத் தேர்வுக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. உள்ளிருப்பதற்கு உடல் வெறும் சட்டைதானா, இல்லை அதன் உயிரில் உடலுக்கும் பங்கு உண்டா?

கீதையின் இரண்டாம் அத்தியாயம் சட்டை என்கிற பக்கம் நிற்கிறது: நைந்த துணியைக் களைந்து புதியதை உடுத்துவது போல ஆன்மா உடல் மாறுகிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதற்கு நேர் எதிர். எந்த ஆன்மாவும் எந்த உடலுக்குள்ளும் புகும் என்ற பித்தகோரஸ் வழிக் கதைகளை, ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் அவர் மறுக்கிறார். தச்சுக்கலை புல்லாங்குழலைக் கொண்டு வேலை செய்யுமா என்பது அவர் வாதம்.

கேசிங்கைத் திறந்தால் விரல் நீளத்தில் ஒரு பலகை, அதன் ஓரத்தில் டிஸ்க் செருகும் சாட்டா வாய், நடுவில் கறுப்பாக ஒரு சிப். பொருத்தம் பார்க்க வேண்டிய முதல் விஷயம் மின்சாரம். லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். ஆனால் சுழலத் தொடங்கும் நொடியில் அது ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். பழைய யூஎஸ்பி 2.0 தருவதோ அரை ஆம்பியர்; 3.0 தருவது 0.9. கேபிள் மட்டமாக இருந்தால் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்து, சுழல முயன்று, நின்றுவிடும். மேசைக் கணினியின் 3.5 இன்ச் டிஸ்க் 12 வோல்ட்டும் கேட்பதால் அதற்குத் தனி அடாப்டரோடு வரும் கேசிங்தான் சரி. 2.5 இன்ச்சிலும் தடிமன் 7 மில்லிமீட்டரா, 9.5-ஆ என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சட்டைக் கொள்கைக்கு ஆபத்தில்லை. சட்டைக்கும் அளவு உண்டு. ஆபத்து அந்தச் சிப்பில் இருக்கிறது.

நல்ல சிப், டிஸ்க் சொல்வதை அப்படியே கணினிக்குக் கடத்தும். சில சிப்புகள் அப்படியில்லை. டிஸ்க்கில் 512 பைட்டாக இருக்கும் செக்டாரை 4096 பைட்டாக மாற்றிக் கணினியிடம் காட்டும். 2 டெராபைட்டுக்கு மேலான டிஸ்க்கைப் பழைய விண்டோஸும் படிக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதே டிஸ்க்கை வேறு கேசிங்கில் போட்டால் ஃபார்மேட் ஆகாத வெற்று டிஸ்க் போலத் தெரியும். இன்னும் கடுமையான வகையும் உண்டு. டிஸ்க்கோடு சேர்த்தே விற்கப்படும் எக்ஸ்டர்னல் டிரைவ்கள் சிலவற்றில், பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும், எழுதப்படும் எல்லாவற்றையும் பலகை என்கிரிப்ட் செய்துவிடுகிறது. பலகை எரிந்துபோனால் டிஸ்க்கில் ஒரு பிட் கூட அழிந்திருக்காது. ஆனால் அப்பாவின் குரல் அதில் இல்லை. உறைக்கும் உள்ளிருப்பதற்கும் நடுவே கோடு எங்கே போடுவது? இந்த இடத்தில் அரிஸ்டாட்டில் வெல்கிறார்.

பெரிய புராணம் சொல்லும் திருமூலர் கதை இந்தக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. கயிலையிலிருந்து வந்த யோகி, காவிரிக்கரையில் இறந்துகிடந்த இடையன் மூலனையும் அவனைச் சுற்றிக் கதறிய பசுக்களையும் கண்டு இரங்கி, தம் உடலைப் பத்திரமாக வைத்துவிட்டு அவன் உடலில் புகுந்தார். மாடுகள் சாத்தனூருக்கு வீடு திரும்பின. மூலனின் மனைவி பார்த்தது கணவனின் அதே முகம், அதே கைகால். ஆனால் உனக்கும் எனக்கும் உறவில்லை என்று யோகி விலகி நின்றார். பழகிய கேசிங்குக்குள் வேறு டிஸ்க். தவமும் ஞானமும் புதிய உடலுக்கு முழுசாக வந்துவிட்டன. அந்தப் பெண்ணுக்கு மட்டும் கணவன் திரும்பவில்லை. யோகி போய்த் தேடியபோது அவருடைய பழைய உடலும் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு அவர் பாடியதுதான் கவனிக்க வேண்டியது. உடலை இழுக்கென்று முன்பு எண்ணியிருந்ததையும், உள்ளே உறுபொருளைக் கண்டபின் அதைப் பேணுவதையும் திருமந்திரம் சொல்கிறது. உடல் மாறத் தெரிந்தவரே உடலை ஓம்பச் சொல்கிறார். இதில் முரண்பாடு இல்லை. உயிரைப் பூட்டி வைக்காத உடல் வேண்டும், இருக்கும்வரை அந்த உடலைக் காக்கவும் வேண்டும்.

கேசிங் வாங்குகிறவருக்கும் இதுவே அளவுகோல். சூட்டை வெளியேற்ற அலுமினியம் நல்லது. தானாக என்கிரிப்ட் செய்யும் பலகை வேண்டாம். வாங்கியதும், வேறிடத்தில் பிரதி உள்ள இரண்டு படங்களை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைக் கழற்றி, மேசைக் கணினியின் சாட்டா கேபிளில் நேரடியாகச் செருகிப் பார்க்கலாம். படங்கள் திறந்தால் அந்தக் கேசிங்கை வைத்துக்கொள்ளலாம். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கேசிங்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.